கை நீட்டாத வீடு

பாத்ரூம் குழாய் ஒரு விக்கல் விக்கியது, நீளமாக ஒரு ஏப்பம் விட்டது, பிறகு நின்றுவிட்டது. உள்ளே தாயாரம்மாள் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் கோலத்தில் யாராவது பார்த்திருந்தால், பிள்ளைப்பாக்கம் ஏரியிலிருந்து ஒரு வெள்ளைப் பூதம் எழுந்து வந்துவிட்டது என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கும்.

"ஏய் மரமண்ட! மோட்டார் போட்டியாடி?"

சமையலறையில் கலைமணியின் கையிலிருந்த தோசைக் கரண்டி நழுவி விழுந்தது. கம்பெனி பஸ் வரும் நேரம். மோட்டாரைப் போட்டோமா, மறந்தோமா என்று யோசிக்கக்கூட அவள் நிற்கவில்லை. வலது கையை மடக்கி, விரல் முட்டி வெளியே துருத்த, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"சத்தம் கேக்கல!" என்றது பாத்ரூம்.

இன்னொன்று வைத்தாள். இது நன்றாக விழுந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டிப் போன ஒருவன், டயர் வெடித்துவிட்டதோ என்று இறங்கிக் குனிந்து பார்த்தான் என்றால் பாருங்கள்.

"ஆங்! அண்டாவுலருந்து ஒரு பக்கெட் மொண்டுகினு வா. கண்ணு எரியுது."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போதுதான் கலைமணி பார்த்தாள். மோட்டார் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மேலே மின்விசிறி அசையாமல் தொங்கியது. கரண்ட் போயிருந்தது. அவள் எழுந்ததும் முதல் வேலையாகப் போட்ட சுவிட்ச்தான் அது. ஆனால் அதைச் சொல்ல அவள் வாயைத் திறக்கவில்லை. குட்டு விழுந்த பிறகு குற்றத்தை விசாரிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அந்த வீட்டில் யாரும் மருமகள் மேல் கை நீட்டியதும் இல்லை. தாயாரம்மாளே இதை ரேஷன் கடை வரிசையில் சொல்வாள், பால் சொசைட்டியில் சொல்வாள், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது சொல்வாள், கேட்க ஆளில்லாவிட்டால் வாசலில் படுத்திருக்கும் எருமையிடம்கூடச் சொல்வாள். "இந்தக் கையால என் மருமவள ஒரு அடி அடிச்சிருப்பனா? அவளையே கேட்டுப் பாருங்க." கேட்டால் கலைமணியும் இல்லை என்றுதான் சொல்வாள். அது சத்தியமான உண்மை.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தாயாரம்மாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதி வழியிலேயே நின்றது. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மருமகளை அறைந்துவிட்டு, மகளிர் ஸ்டேஷனில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் துணையாகப் போன தாயாரம்மாள், கூடவே உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஹைகோர்ட்டில் வாதாடும் அளவுக்குச் சட்டம் படித்துத் திரும்பியிருந்தாள்.

"நான் அடிச்சாத்தான் கேசு," என்றாள் ஓங்கிய கையை இறக்கியபடி. "நீயே அடிச்சிக்கினா எந்தக் கேசும் கெடையாது. புள்ளையாருக்குப் போட்டுக்கிற மாதிரி மண்டையில ஒன்னு போட்டுக்க. புண்ணியமும் வரும், புத்தியும் வரும்."

இப்படியொரு கண்டுபிடிப்புக்கு வேறு ஊராக இருந்தால் முச்சந்தியில் சிலையே வைத்திருப்பார்கள். அடிப்பவளுக்குக் கை வலி இல்லை. அடிபட்டவளுக்கு யார் மேலும் புகார் சொல்ல வழி இல்லை. முதலில் தாயாரம்மாள் வாய் விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு பார்வை போதும் என்றாயிற்று. பிறகு ஒரு இருமல். ஒரு தடவை அவள் திருப்பதிக்குப் போயிருந்தபோது கலைமணி குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாள். யாருமே இல்லாத வீட்டில், அடுப்பு முன்னால் நின்று, "மரமண்ட, மரமண்ட" என்று குட்டிக்கொண்டாள். குட்டிய கை தலையில் இருக்கும்போதே, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்க்க யாரும் இல்லை என்பதுதான் அவளை அதிகம் கூச வைத்தது. அன்று பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்தாள்.

கலைமணி வேலை பார்த்தது, காருக்குள் ஓடும் ஒயர்களைக் கற்றையாகக் கட்டும் கம்பெனியில். ஒரு காருக்குள் எவ்வளவு ஒயர் இருக்கிறது என்று கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். பிரித்து நீட்டினால் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வேலி கட்டிவிட்டு, மிச்சத்தில் துணி காயப்போடலாம். எந்த நிறம் எந்தத் துளைக்குள் போகும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குப் பழகிப்போயிருந்தது. லைனில் அவள் கட்டிய கற்றை தவறென்று திரும்பி வருவது அபூர்வம். வந்தால் போதும், தொப்பி போட்ட தலையில் ஒரு குட்டு விழும்.

லைன் பெண்கள் அதற்கு 'கலைமணி சல்யூட்' என்று பேர் வைத்திருந்தார்கள். யாராவது ஒரு கிளிப்பைக் கீழே போட்டால், "மரமண்ட!" என்று கத்திக்கொண்டு தங்கள் தலையில் தட்டிக்கொள்வார்கள். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் கலைமணிதான். சிரித்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். நாளொன்றுக்கு அவள் கழுவிய கழுவலில் அந்த முகம் தேய்ந்து காணாமல் போகாதது ஆச்சரியம்தான்.

மோட்டார் ஓடாத அந்த வெள்ளிக்கிழமை, கேன்டீனில் லைன் லீடர் ரஞ்சனி தன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு ஏழாவது மாசம். மேசைக்கும் வயிற்றுக்கும் நடுவில் தட்டு வைக்க இடம் தேடினாள்.

"கலை, நான் லீவுல போறேன். லைனுக்கு உன் பேரக் குடுக்கலாம்னு கீறேன்."

"எதுக்குக்கா?"

"இன்னா எதுக்கு? லீடருக்கு."

கலைமணியின் கை தானாக எழுந்து டொக்கென்று தலையில் விழுந்தது. "ஐயோ அக்கா, நான் மரமண்டக்கா. காலையில எல்லார் முன்னாடியும் நின்னு மீட்டிங் பேசணும். எனக்கு நாக்கே எழும்பாது."

பக்கத்து மேசை பார்த்துவிட்டது. டொக், டொக், டொக். மேசைக்கு மேசை சல்யூட் தாவிப் போய், சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆள்கூடக் கரண்டியால் ஒன்று போட்டுக்கொண்டான். கலைமணியும் சிரித்தாள். ரஞ்சனி சிரிக்கவில்லை.

"உனக்கு லைன் ஓட்ட வருமா வராதான்னுதான் நான் கேட்டேன். உன் மண்ட மரமா இரும்பான்னு கேக்கல. திங்கக்கிழமை காலையில எனக்குப் பதில் வேணும். இல்லன்னா வெளியிலருந்து ஆள் போட்ருவாங்க. அப்பறம் இந்த வாய்ப்பு உனக்கு வராது."

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் லீலா. தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். மனசில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவாள்.

"ஏட்டி கலை, உன் தலை என்ன கோயில் மணியா? போற வாற நேரமெல்லாம் அடிச்சிக்கிட்டே இருக்க?"

"பழகிடிச்சி லீலா."

"அடிக்கும்போது உள்ளுக்குள்ள ஒருத்தி வையுதால்லா, மரமண்டன்னு? அவ யாருட்டி?"

"நான்தான். வேற யாரு?"

"உன் குரலா?"

கலைமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கம்பெனி மதில்கள், அதற்கு நடுவில் மனை விற்பனைப் பலகை, பலகைக்குக் கீழே மேயும் மாடு எல்லாம் பின்னால் ஓடின. உள்ளே கேட்கும் குரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அந்தக் குரல் திட்டுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமியது. வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளியது. கலைமணி வெற்றிலை போட்டதே இல்லை.

"எங்க அத்தை குரலு," என்றாள் மெதுவாக. சொன்னதும், பெரியவள் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் வெட்கமாகப் போயிற்று.

"அப்படிச் சொல்லு! கேட்ல செக்யூரிட்டி என் டிபன் டப்பாவயே தொறந்து பாக்கான். உன் மாமியாரு ஐடி கார்டு இல்லாம தெனமும் கம்பெனிக்குள்ள எப்படிட்டி வாறா?"

பஸ்ஸே குலுங்கச் சிரித்தாள் லீலா. கலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி வீடு வரும்வரை தலையைக் குனிந்தே நடந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் திருமலை கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவன். நல்லவன். அம்மாவுக்கும் நல்லவன், மனைவிக்கும் நல்லவன், அதனாலேயே இருவருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் டிவி பார்க்கக் கற்றுக்கொண்ட நல்லவன். "நீயா? எல்லார் முன்னாடியும் நின்னு பேசுவியா?" என்று கேட்டுவிட்டு, சிரித்து, "வேணாம்டி, உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை.

தாயாரம்மாள் சொம்புத் தண்ணீரை மொத்தமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "மோட்டார் போடத் தெரியாதவ ஒரு லைனையே மேய்க்கப் போறாளாம். நாளைக்கு லைன் நின்னு போச்சுன்னா எங்க போயி பக்கெட்ல மொள்ளுவா?"

திருமலையின் தங்கை சத்யப்பிரியாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. எம்.காம். படித்துவிட்டு ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிற பெண். கெட்டவள் இல்லை. அந்த வீட்டில் அண்ணியைப் பார்த்துச் சிரிப்பது, தட்டில் உப்பு வைத்துக்கொள்வதுபோல, சாப்பாட்டோடு சேர்ந்த பழக்கம்.

"முடியாதுன்னு சொல்லிடறேன் அத்தை," என்றாள் கலைமணி. உள்ளே குரல் செருமியது. *அதான் உனக்கு மரியாத.*

ஞாயிற்றுக்கிழமை சத்யப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மண்ணூரிலிருந்து பாப்பம்மாள் வந்தாள். வந்தாள் என்று சொன்னால் குறைவு, எழுந்தருளினாள். கழுத்திலிருந்த நகையின் பளபளப்பில் தெருநாய்கள் கண் கூசிக் குரைக்க மறந்தன. கூடவே அவள் மகன் ஹேமந்த். மறைமலை நகரில் கார் கம்பெனியில் பர்மனென்ட். 'பர்மனென்ட்' என்ற அந்தச் சொல்லைப் பாப்பம்மாள் செருப்பைக் கழற்றும்போது ஒரு தரம் சொன்னாள், நாற்காலியில் உட்காரும்போது ஒரு தரம், பஜ்ஜியைப் பிய்க்கும்போது ஒரு தரம், பஜ்ஜிக்குள் இருந்த வாழைக்காயிடமும் ஒரு தரம் சொல்லியிருப்பாள் போலிருந்தது.

தாயாரம்மாளும் சளைக்கவில்லை. "எங்க வூட்ல சத்தம் கித்தம் எதுவும் கெடையாதுக்கா. மருமவளும் மவளும் ஒன்னுதான். ரெண்டு வருசத்துல இந்தக் கை அவ மேல பட்டதில்ல."

பாப்பம்மாள் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வெச்சவ நீ. எங்க பெரிய மருமவ ஒரு அற வாங்கினதுக்கு நேரா ஸ்டேசனுக்குப் பூட்டா. தல குனிஞ்சி கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். காலம் அப்படிக் கீது."

அந்த நேரத்தில்தான் கலைமணி சேமியாப் பாயசத் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த திருமலை, சௌகரியமாக இருக்கட்டும் என்று காலை நீட்டினான். நீட்டிய கால் அவள் கணுக்காலில் இடித்தது. தட்டு சாய்ந்தது. ஒரு டம்ளர் பாயசம் பறந்து போய் ஹேமந்தின் வெள்ளைப் பேன்ட்டிலும் தரையிலுமாக இறங்கியது. முந்திரி ஒன்று அவன் முழங்காலில் ஒட்டிக்கொண்டது.

கலைமணி தட்டைக் கீழே வைத்தாள். கையை மடக்கினாள். "மரமண்ட, மரமண்ட, மரமண்ட." மூன்று குட்டு. மூன்றாவதில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஒரு ஆட்டம் ஆடியது.

பாப்பம்மாளின் வாயில் பாதி பஜ்ஜி அப்படியே நின்றது.

"இது இன்னாக்கா இது?"

தாயாரம்மாள் முகத்தில் பெருமை பொங்கியது. "எங்க வூட்டு வழக்கம். தப்பு பண்ணா நான் ஒரு வார்த்த சொல்லத் தேவையில்ல. தானே போட்டுக்குவா. கேசு இல்ல, கோர்ட்டு இல்ல."

பாப்பம்மாள் பஜ்ஜியை விழுங்கினாள். அவள் கண்கள் விரிந்தன. பல வருஷமாகத் தேடிய மருந்து பக்கத்து ஊரிலேயே கிடைத்துவிட்டதைப்போல நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தா! இது நல்லாக் கீதே! எனக்குத் தோணாம பூட்சே!" பிறகு சத்யப்பிரியா பக்கம் கனிவாகத் திரும்பினாள். "பொண்ணுக்கும் பழக்கி வெச்சிருப்பியே? எங்க, ஒன்னு போட்டுக்க கண்ணு, பாக்கலாம்."

சத்யப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரிக்க முயன்று தோற்றாள். மாப்பிள்ளை தன் முழங்காலில் இருந்த முந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூச்சப்படாத. நாளைக்கு நம்ம வூட்டுக்கு வரப் போற பொண்ணு. மெதுவாப் போட்டுக்கினாப் போதும்."

சத்யப்பிரியாவின் கை எழுந்தது. பட்டுப்புடவை மடியிலிருந்து, புது வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிய, ஒவ்வொரு விரலாக மடங்கிக்கொண்டு அந்தக் கை தலைக்கு மேல் போயிற்று. எம்.காம். படித்த கை. யாரும் அதைப் பிடித்துத் தூக்கவில்லை. தானாகத்தான் போயிற்று.

கலைமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ குட்டு வைத்துக்கொண்டவள்தான். ஒன்றைக்கூட எதிரே நின்று பார்த்ததில்லை. குட்டிக்கொள்ளப் போகிற ஒருத்தியின் கழுத்து எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறது, கண்கள் எப்படி முன்கூட்டியே மூடிக்கொள்கின்றன என்பதை அன்றுதான் பார்த்தாள். இப்படியா நான் இருக்கிறேன்? கேன்டீனில், அத்தனை பேர் நடுவில், இப்படியா? கழுத்திலிருந்து காது வரை அவளுக்குச் சூடு ஏறியது.

"சத்யா! கையக் கீழ போடு!" தாயாரம்மாள் அலறிவிட்டாள். "என் பொண்ணு எதுக்குக் குட்டிக்கணும்?"

பாப்பம்மாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உன் மருமவ குட்டிக்கிறாளே?"

"அவ வேற."

சொன்ன பிறகுதான் தாயாரம்மாளுக்குத் தான் சொன்னது கேட்டது. சற்று முன்னால் மருமகளும் மகளும் ஒன்று என்று சொன்ன அதே வாய். திருமலை டிவியிலிருந்து கண்ணை எடுத்தான். எடுத்த கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்தான்.

*வாயத் தொறக்காத மரமண்ட,* என்றது கலைமணிக்குள் குரல். செருமியது. வெற்றிலையைத் தள்ளியது. கலைமணி மாமியாரைப் பார்த்தாள். தாயாரம்மாளின் உதடுகள் மூடியிருந்தன. குரலின் சொந்தக்காரி வாயடைத்து நிற்கிறாள், குரல் மட்டும் உள்ளே தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் இதை ஓட்டிக்கொண்டிருந்தது யார்?

"பாயசம் கொட்டுனது என் தப்பில்ல," என்றாள் கலைமணி.

அந்த வீட்டில் அப்படியொரு வாக்கியத்தை அவள் சொன்னதே இல்லை என்பதால், வார்த்தைகள் புதுச் செருப்பைப்போலக் கடித்தன.

"இவரு கால நீட்னாரு. நான் தடுக்கிட்டேன்."

திருமலை காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான். "ஆமா," என்றான், தரையைப் பார்த்தபடி. "என் காலுதான்."

"அட, அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் பாப்பம்மாள். "உன் மேல தப்பில்லன்னா பின்ன எதுக்குக் குட்டிக்கினே?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் பாப்பம்மாள்தான். கலைமணி அவளுக்கே பதில் சொன்னாள்.

"இவங்க வையறதுக்கு முன்னாடி நானே வைஞ்சிக்கினா சீக்கிரம் முடிஞ்சிடும். அதான்." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "சத்யா, நீ பழகாத. பழகினா விடாது. தனியா இருக்கும்போதும் கை போவும்."

சத்யப்பிரியா மடக்கிய கையை இன்னும் பிரிக்கவில்லை. அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிய சிரிப்பெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்ததுபோல் அழுதாள்.

"அம்மா, போலாம்," என்று ஹேமந்த் எழுந்தான். அவன் காது சிவந்திருந்தது. வீட்டில் அண்ணி வாங்கிய அறையை நினைத்துக்கொண்டானா, பேன்ட்டை நினைத்துக்கொண்டானா என்பது அவனுக்கே வெளிச்சம். பாப்பம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்லி அனுப்புறோம்க்கா," என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை என்பது பிள்ளைப்பாக்கத்தில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

அவர்கள் வந்த கார் தெருமுனை திரும்பியது. கலைமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். முதல் தடவை வேறு யாருக்கோ போயிற்று. தப்பான நம்பர். வலது கை சட்டென்று எழுந்தது, பாதி தூரம் போனது. அங்கேயே அதை நிறுத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் அது அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கி வந்து, சரியான நம்பரை அழுத்தியது.

"அக்கா, நான் கலைமணி. லைன நான் எடுத்துக்கிறேன்."

*உன்னால முடியாது. நாலே நாள்ல தொரத்திருவாங்க,* என்றது உள்ளே குரல். பக்கத்து வீட்டு ரேடியோ பாடுவதை யாரும் நிறுத்த முடியாது. அது பாடட்டும் என்று விட்டுவிட்டு இவள் பேசினாள்.

போனில் ரஞ்சனி என்னவோ கேட்டாள்.

"பயமாத்தான் கீது. மீட்டிங்ல தப்பு வரும்க்கா. வந்தா மறுபடியும் மொதல்லருந்து சொல்றேன்." ரஞ்சனி மறுபடி என்னவோ சொல்ல, கலைமணி சிரித்தாள். கேன்டீன் சிரிப்பு இல்லை. சத்தம் குறைவான வேறொரு சிரிப்பு. "சரிக்கா. காலையில வரேன்."

திருமலை ஒரு துணியை எடுத்து வந்து, யாரும் சொல்லாமலே, குனிந்து தரையிலிருந்த பாயசத்தைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்து கூடம் முழுக்கப் பரப்பினான். ஆனாலும் நிறுத்தவில்லை.

தாயாரம்மாள் மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பர்மனென்ட் மாப்பிள்ளை போய்விட்டான். தெருவெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை, சொன்ன வாயாலேயே போய்விட்டது. அழுகிற மகளைப் பார்த்தாள். குனிந்து துடைக்கிற மகனைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருமகளைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"என் வாய்... என் புத்தி... எனக்கு வேணும்..."

அவள் கை மடங்கியது. எழுந்தது. நரைத்த தலையில் டொக்கென்று ஒன்று விழுந்தது. அந்தக் கைக்கு அது முதல் குட்டு. எவ்வளவு பலமாக வைக்க வேண்டும் என்று தெரியாமல் முழு பலத்தோடு வைத்துவிட்டாள். "அம்மாடீ!" என்று அவளே அதிர்ந்துபோனாள். வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் கை எழுந்தது.

கலைமணி எழுந்து போய் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. நான் பண்ணதுக்கு நான் பட்டுக்கிறேன்."

"வேணாம் அத்தை."

தாயாரம்மாள் பிடியிலிருந்து கையை இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. "இவ்ளோ வலிக்குமாடி இது?" என்று கேட்டாள், குழந்தை கேட்பதுபோல. "ஒரு நாளாவது சொன்னியா நீ?"

"நீங்க சத்தம் கேக்குதான்னுதான் கேப்பீங்க அத்தை," என்றாள் கலைமணி, மணிக்கட்டை விடாமல். "வலிக்குதான்னு கேட்டதில்ல."